புதிதாக வாங்கிய குதிரை: இடது கண் கலங்கல், பின்னங்கால் தள்ளாட்டம்

பவானிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் ஒரு பெண் குதிரை வாங்கினோம். செவலை, நெற்றியில் வெள்ளைப் பட்டை, கத்தியவார் கலப்பு. வயது ஐந்து என்று வியாபாரி சொன்னார். அந்தியூர் ஆடிச் சந்தை வரை காத்திருந்தால் விலை ஏறிவிடும் என்று அப்பா சொன்னதால் வியாபாரியின் தோட்டத்துக்கே போய்ப் பார்த்து முடித்தோம். வந்த புதிதில் ஒரு குறையும் தெரியவில்லை. இப்போது இரண்டு விஷயம் உறுத்துகிறது.

இடது கண்ணில் நீர் வடிகிறது. வெயிலில் கட்டினால் அந்தக் கண்ணைப் பாதி மூடிக்கொள்கிறது. கருவிழி மேல் பால் கலந்த நீலமாக ஒரு படலம். அப்புறம் நடை. நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது, திருப்பும்போது இடுப்பு ஒரு பக்கமாகச் சரிகிறது, இடது பின்னங்கால் வெளிப்பக்கம் வீசி விழுகிறது. தீனி குறையவில்லை. கொள்ளு, தவிடு, சோளத்தட்டு எல்லாம் காலியாகிறது. லத்தியும் ஒழுங்காகப் போடுகிறது. மாட்டுக் கொட்டகையை ஒட்டித் தடுப்பு போட்டுக் கட்டியிருக்கிறோம்.

வியாபாரியிடம் போனில் கேட்டால் “புது இடம், தண்ணி மாறியிருக்கு, தானா சரியாயிடும்” என்கிறார். பக்கத்து மருந்தக டாக்டர் மாட்டுக்கு நன்றாகப் பார்ப்பார், குதிரை அவ்வளவாகப் பழக்கமில்லை என்று அவரே சொல்லிவிட்டார். திருப்பி அனுப்புவதா, வைத்துப் பார்ப்பதா?

சுழிப்பிரியன்:
நெற்றிச் சுழி கண் மட்டத்துக்கு மேலா கீழா? கழுத்தில் இரண்டு பக்கமும் சுழி உண்டா? ஒரு போட்டோ போடுங்க.

பவானிக்கரை:
அதெல்லாம் அப்பா பார்த்துவிட்டார். சுழி சுத்தம் என்பதற்காகவே கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தோம்.

இரும்புலாடம்:
நம் பக்கத்து வழக்கம் அது. துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் முன் சுழியை மணிக்கணக்கில் பார்ப்பார்கள், குளம்பைத் தூக்கிப் பார்க்க ஒருத்தருக்கும் நேரம் இருக்காது. எங்கள் குடும்பமே லாடம் அடிக்கிற குடும்பம், அந்த ஆதங்கத்தில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தம்பி, இரண்டு பின்னங்காலையும் தூக்கி லாடத்தைப் பாருங்கள். முன் முனை மட்டும் சரிவாகத் தேய்ந்திருக்கிறதா, இல்லை சுற்றிலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா? வாங்கிய பிறகு லாடம் மாற்றினீர்களா?

கிண்டி விசில்:
நான் ஒரு கேள்வி கேட்கிறேன். நீங்கள் பார்க்கப் போனபோது குதிரை லாயத்தில் சும்மா நின்றதா, சேணம் பூட்டித் தயாராக நின்றதா?

ரேஸ் குதிரை லாயத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். வாங்கப் போகிறவர் வருவதற்கு முன்பே ஒரு ரவுண்டு ஓட்டி உடம்பைச் சூடாக்கி வைத்தால் விறைப்பான காலெல்லாம் இளகிவிடும். அதற்கு மேலே ஃபினைல்பூட்டசோன் என்று ஒரு வலி மருந்து இருக்கிறது, லாயத்தில் ‘பியூட்’ என்போம். அதைக் கொடுத்துவிட்டால் நொண்டுகிற குதிரை அன்றைக்கு நொண்டாது. கண் வீக்கமும் அடங்கி நிற்கும். அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் போய், குதிரை படுத்து எழுந்த நிலையிலேயே, கெட்டித் தரையில் நடத்திப் பார்க்கச் சொல்வது.

பவானிக்கரை:
நாங்கள் போனபோது சேணம் பூட்டி வியர்த்துதான் நின்றது. அப்போதுதான் ஓட்டிவிட்டு வந்தோம் என்றார்கள். நேரமும் சாயங்காலம், வெயில் இறங்கியிருந்தது.

லாடம் மாற்றவில்லை. இப்போது பார்த்தேன். இடது பின்னங்கால் லாடம் முன் முனையில் நன்றாகத் தேய்ந்திருக்கிறது, வலதில் அப்படி இல்லை.

இரும்புலாடம்:
உங்கள் தோட்டத்தில் தார் ரோடு இருக்கிறதா? குதிரையை ஓட்டினீர்களா?

பவானிக்கரை:
இல்லை. செம்மண் தரை. காலையிலும் மாலையிலும் கையில் பிடித்து நடத்துவதோடு சரி.

இரும்புலாடம்:
அப்படியானால் அந்தத் தேய்மானம் உங்களிடம் வந்த பிறகு ஏற்பட்டது இல்லை. செம்மண்ணில் கட்டிப்போட்ட குதிரைக்கு இரும்பு அந்த அளவு தேயாது. எங்கேயோ ரோட்டில் கால் முனையை இழுத்து இழுத்து நடந்திருக்கிறது. அந்த லாடத்தைக் கழற்றினால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எடுத்து வையுங்கள். முனை இழுப்பது நரம்புக் கோளாறா, பின்னங்கால் முட்டியில் வலியா என்பது என் வேலை இல்லை. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ரேக்ளா ரசிகன்:
கண்ணுக்கு ஒன்றும் பயப்பட வேண்டாம் அண்ணா. மாட்டுக்குச் செய்கிற மாதிரி உப்பும் புகையிலையும் மென்று கண்ணில் ஊதினால் படலம் உரிந்துவிடும். எங்கள் தாத்தா எருக்கம்பால் ஒரு சொட்டு விடுவார். காலுக்கு நொச்சி ஒத்தடம் கொடுங்கள்.

பழைய வேப்பேரி:
கண் விஷயத்தில் இதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். எருக்கம்பால் கருவிழியை வேகவைக்கும். மனிதர் கண்ணில் பட்டாலே பார்வை மங்கும். உப்பும் புகையிலையும் ஊதிப் புண்ணான கண்ணோடு வந்த மாடுகளை என் காலத்தில் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். நொச்சி ஒத்தடத்தில் கெடுதல் இல்லை, கொடுத்துக்கொள்ளுங்கள்.

மெடிக்கலில் கிடைக்கிற சொட்டு மருந்தும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால், சில நாளில் கண் போய்விடும். ஃப்ளோரசின் என்ற சாயம் விட்டுப் பார்த்தால் புண் பச்சையாகத் தெரியும். மாட்டு டாக்டரிடமும் அந்தச் சாயம் தோய்த்த காகிதத் துண்டு இருக்கும், கேளுங்கள். அது வரைக்கும் குதிரையை நிழலில் கட்டி, ஈ மொய்க்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தம்பி, திருப்பி அனுப்புகிற பேச்சு அப்புறம். முதலில் எனக்குச் சில விவரம் வேண்டும். தெர்மாமீட்டரில் வாசலின் தடவி ஆசனவாயில் வைத்து, ஒரு நூலால் வால் முடியில் கட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உள்ளே போய்விடும். காலையும் மாலையும் பாருங்கள். ஃபாரன்ஹீட்டில் 99 முதல் 101.5 வரை சாதாரணம். நாடி பார்க்கக் கீழ்த் தாடை எலும்பின் உள் விளிம்பில் விரலை வைத்தால் பென்சில் தடிமனில் ஒரு குழாய் உருளும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கலாம். ஈறை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். வெளிறி இருக்கிறதா, மஞ்சள் ஓடியிருக்கிறதா? அடிவயிற்றில் விரல் அழுத்தினால் குழி விழுகிறதா? மூக்கில் சளி, தாடைக்கு அடியில் கட்டி ஏதாவது உண்டா?

கடைசியாக வால். ஒருவர் நேராக நடத்திப் போகட்டும். நீங்கள் இடுப்புக்குப் பக்கவாட்டில் கூடவே நடந்து வாலைப் பிடித்து உங்கள் பக்கம் மெதுவாக இழுங்கள். நல்ல குதிரை உடனே முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். நரம்பு பலவீனப்பட்டது நீங்கள் இழுத்த பக்கம் தள்ளாடி வரும். உதைக்கிற குதிரை என்றால் இது வேண்டாம்.

பவானிக்கரை:
ஐயா, ரொம்ப நன்றி. காலையில் 100.2, மாலையில் 100.6. நாடி 40. ஈறு இளஞ்சிவப்பாகத்தான் இருக்கிறது. வீக்கம், சளி, கட்டி ஒன்றும் இல்லை. வாலை வலது பக்கம் இழுத்தால் கெட்டியாக நிற்கிறது. இடது பக்கம் இழுத்தால் அப்படியே என் மேல் சாய்கிற மாதிரி வந்துவிட்டது, அப்பா பயந்துபோய் விடச் சொல்லிவிட்டார்.

ஊட்டி மட்டம்:
ஏரிப் பக்கம் சவாரிக்கு மட்டக்குதிரை வைத்திருக்கிறேன். டாக்டர் ஐயா கட்டி, சளி என்று கேட்டது ஏன் என்று நான் சொல்கிறேன். ஸ்ட்ராங்கிள்ஸ் என்று ஒரு தொண்டை நோய். தாடைக்கு அடியில் நெறி கட்டி, உடைந்து சீழ் வரும். வெளியே பார்க்க நல்லா இருக்கிற புதுக் குதிரை அதை உள்ளே வைத்துக்கொண்டு வந்து, ஒரே தொட்டித் தண்ணீரில் லாயம் முழுக்கப் பரப்பிவிடும். தொற்றிய பிறகு தெரிய 3 நாளும் ஆகலாம், 2 வாரமும் ஆகலாம். அதனால் எங்கள் பக்கம் புதுக் குதிரை வந்தால் ஒரு மாதம் தனி இடம், தனி வாளி, தனி பிரஷ். முதலில் பழைய குதிரைகளுக்குத் தீனி போட்டுவிட்டு, கடைசியாகப் புதுசுக்கு.

இன்னொன்று, வாயைத் திறந்து மேல் வரிசையில் கடைசி முன்பல்லைப் பார்த்தீர்களா? வெளிப்பக்கம் ஈறிலிருந்து பழுப்பாக ஒரு கோடு இறங்கும். அந்தக் கோடு 10 வயதில்தான் ஈறோரம் தலை காட்டும், 15 வயதில் பாதிப் பல்லுக்கு வரும், 20 வயதில் அடி வரை.

பவானிக்கரை:
பார்த்தேன். கோடு இருக்கிறது. ஈறிலிருந்து கால்வாசி இறங்கியிருக்கிறது. அப்பா பேச்சையே நிறுத்திவிட்டார்.

ஊட்டி மட்டம்:
ஐந்து வயது இல்லை. பன்னிரண்டு பக்கம் வரும். அதற்காக மனசை விட வேண்டாம், நன்றாக வைத்துக்கொண்டால் குதிரை 25 வயசுக்கு மேலும் இருக்கும். என்னிடம் இருக்கிற கிழவிதான் குழந்தைகளுக்குச் சவாரி போக எல்லாவற்றிலும் பத்திரமானவள்.

பழைய வேப்பேரி:
காய்ச்சல் இல்லை, இரத்தம் குறைந்ததாகத் தெரியவில்லை, தீனி எடுக்கிறது, ஒரு பக்கம் மட்டும் நரம்பு பலவீனம், அதே பக்கக் கண்ணில் படலம், மாட்டுக் கொட்டகை, கொசு. இதைப் படித்ததும் எனக்குத் தோன்றுவது செட்டேரியா என்ற புழு.

மாட்டின் வயிற்று உறையில் வெள்ளை வெள்ளையாக நீளப் புழு கிடக்கும். பிரேதப் பரிசோதனை செய்த எல்லா மாணவனும் பார்த்திருப்பான். மாட்டுக்கு அதனால் பெரிய தொந்தரவு கிடையாது. அது போடும் நுண்குட்டிகள் மாட்டு இரத்தத்தில் சுற்றும். கொசு அதை உறிஞ்சி, சில நாள் வளர்த்து, அடுத்துக் கடிக்கிற பிராணிக்குள் விடும். மாடு என்றால் அது ஒழுங்காக வயிற்றுக்குப் போய்ச் சேரும். குதிரை, ஆடு இவற்றுக்குள் வந்துவிட்டால் வழி தெரியாமல் அலையும். தண்டுவடத்துக்குள் போனால் பின்னங்கால் தள்ளாடும். வடக்கே இதற்குக் ‘கும்ரி’ என்றே பழைய பெயர் உண்டு. கண்ணுக்குள் போனால் கருவிழிக்கும் பாப்பாவுக்கும் நடுவில் இருக்கிற தண்ணீரில் நீந்திக்கொண்டிருக்கும்.

இன்று இருட்டிய பிறகு கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். படலத்துக்குப் பின்னால் வெள்ளை நூல் மாதிரி ஏதாவது நெளிகிறதா என்று கொஞ்ச நேரம் பொறுமையாகப் பாருங்கள்.

கண்ணும் காலும் ஒரே காரணத்தால் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. கண் தனி, கால் தனி என்றும் இருக்கலாம். கழுத்தெலும்பு அழுத்தம், பழைய அடி, முட்டி வலி எல்லாம் கணக்கில் வைக்க வேண்டும். முட்டி வலி என்றால் வால் இழுப்புக்கு இப்படிச் சாயாது என்பது மட்டும் ஒரு துப்பு.

இரத்தமும் எடுத்துவிடுங்கள். சர்ரா என்ற டிரிப்பனோசோமா இரத்த ஒட்டுண்ணி நோய் விட்டு விட்டுத்தான் காய்ச்சல் காட்டும், இரண்டு நாள் அளந்ததை நம்பக் கூடாது. இந்த நோயின் கிருமியை கிரிஃபித் எவான்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர் 1880-இல் கண்டுபிடித்ததே அன்றைய பஞ்சாபில் தேரா இஸ்மாயில் கான் பக்கம் குதிரை, ஒட்டக இரத்தத்தில்தான். கடிக்கிற பெரிய ஈக்கள் பரப்பும். இதற்குக் குவினாபைரமின் ஊசி உண்டு. சந்தேகத்தின் பேரில் யாராவது போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது லேசான மருந்து இல்லை.

கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்க்கான பரிசோதனைக்கும் கால்நடைத் துறை வழியாக மாதிரி அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் குதிரைக்கு அதன் அறிகுறி ஒன்றும் இல்லை. ஆனாலும் எங்கிருந்து வந்தது என்று தெரியாத குதிரைக்கு இது கட்டாயம் என்பேன், மனிதருக்கும் ஒட்டும் நோய். 2009 கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டியது. ஹிசாரில் இருக்கிற தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இதற்குச் சோதனை செய்கிறது. வந்தால் குதிரையைக் கொல்வதைத் தவிர வழி இல்லை, அரசு இழப்பீடு உண்டு.

சுழிப்பிரியன்:
கண்ணுக்குள் புழுவா! ஐயா, இதை எங்கள் ஊரில் கண்ணில் பாம்பு ஏறிவிட்டது என்பார்கள். நான் கட்டுக்கதை என்று நினைத்திருந்தேன்.

பவானிக்கரை:
இருக்கிறது! கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கீழேயிருந்து மெல்லிசாக வெள்ளையாக ஒன்று வளைந்து மேலே வந்து, எட்டுப் போட்ட மாதிரி சுருண்டு, மறுபடி கீழே போய்விட்டது. அப்பாவும் பார்த்தார். கை நடுங்குகிறது.

பழைய வேப்பேரி:
நடுங்க வேண்டாம். காரணம் தெரிந்த கண் நோய் பாதி குணமான மாதிரி. உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம். முன்கூட்டிப் போனில் சொல்லிவிட்டுப் போங்கள். மயக்க மருந்து கொடுத்து, இமையை மரக்கச் செய்து, கருவிழி ஓரத்தில் சின்னதாக ஒரு துளை போடுவார்கள். உள்ளே இருக்கிற தண்ணீர் பீறிட்டு வரும்போது புழுவும் கூடவே வந்துவிடும். வெறும் ஊசி மருந்தால் உள்ளேயே புழுவைக் கொன்றால் செத்த புழு கிடந்து கண் இன்னும் வீங்கும், அதனால்தான் வெளியே எடுப்பது.

லாரியில் ஏற்றும்போது கவனம். தள்ளாடுகிற குதிரையைக் குறுக்கே கட்டாதீர்கள். தரையில் மணலும் வைக்கோலும் போடுங்கள், வண்டி மெதுவாகப் போகட்டும். தடுப்பூசி விவரம் தெரியாததால் டெட்டனஸ் ஊசியையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். டெட்டனஸுக்குக் குதிரை மாதிரி தாக்குப்பிடிக்காத பிராணி வேறு இல்லை.

ரேக்ளா ரசிகன்:
எருக்கம்பால் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், செலவை எதற்கு நீங்கள் ஏற்க வேண்டும்? வண்டியில் ஏற்றி வியாபாரி வாசலில் விட்டுவிட்டுப் பணத்தைக் கேளுங்கள்.

கிண்டி விசில்:
விட்டால் என்ன நடக்கும்? மறுபடி ஒரு பியூட் போட்டு, இன்னொரு சாயங்காலம் இன்னொருத்தருக்குக் காட்டுவார். அதற்குள் அந்தக் கண் போயிருக்கும். சட்டமும் உங்கள் பக்கம் அப்படியே சாயாது. 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தில் பார்த்து வாங்க வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு என்பதுதான் பொது விதி. வயதை எழுத்தில் கொடுத்திருந்தால் பேசலாம். எழுதி வாங்கினீர்களா?

பவானிக்கரை:
எழுத்து ஒன்றும் இல்லை. ஆனால் தரகர் வாட்ஸப்பில் ‘5 வயசு, கண் கால் சுத்தம்’ என்று அனுப்பிய மெசேஜ் இருக்கிறது.

இரும்புலாடம்:
அதுவும் லாடமும் போதும். போலீஸ், கோர்ட் என்று ஆரம்பிக்காமல் தரகரை உட்கார வைத்துப் பேசுங்கள். அந்தியூரில் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வருடா வருடம் போய்த்தான் ஆக வேண்டும் அவர். ஒரு சந்தையில் பெயர் கெட்டால் எல்லாச் சந்தையிலும் கெட்டது.

பவானிக்கரை:
தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். கண்ணில் இருந்து புழுவை எடுத்தாகிவிட்டது. தையல் நூல் தடிமன், ஆள்காட்டி விரலின் பாதிக்குக் கொஞ்சம் கூட இருக்கும். பாட்டிலில் போட்டபோதும் நெளிந்துகொண்டிருந்தது. டாக்டர்கள் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தும் வீக்கத்துக்கு ஊசியும் கொடுத்தார்கள், கண்ணுக்கு இரண்டு மருந்து. படலம் ஓரத்திலிருந்து தெளிந்துவருகிறது. கையை அசைத்தால் அந்தக் கண்ணும் சிமிட்டுகிறது. நடுவில் ஒரு தழும்பு நிற்கலாம் என்றார்கள்.

இரத்தத்தில் சர்ரா இல்லை. கிளாண்டர்ஸும் இல்லை என்று வந்துவிட்டது. கால்தான் இழுபறி. முன்னைக்குத் தேவலை, திருப்பும்போது இன்னும் சரிகிறது. நரம்பு எவ்வளவு கெட்டதோ அவ்வளவுதான் திரும்பும், முழுசாக வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

தரகர் வந்தார். லாடத்தையும் மெசேஜையும் காட்டியதும் கொஞ்ச நேரம் சுழியைப் பற்றிப் பேசிப் பார்த்தார். கடைசியில் வைத்தியச் செலவில் பாதியை வியாபாரி தருவதாக முடிந்தது, பணமும் வந்துவிட்டது. குதிரை எங்களோடுதான் இருக்கும். அப்பா அதற்கு லட்சுமி என்று பெயர் வைத்துவிட்டார், இனி யார் சொல்லியும் அனுப்ப மாட்டார்.

பழைய வேப்பேரி:
நல்ல செய்தி. ஆனால் சவாரி இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பின்னங்கால் எங்கே விழுகிறது என்று தெரியாத குதிரை ஆளோடு சேர்ந்து விழும். சமதரையில் கையில் பிடித்து நடத்துங்கள், பின்னால் மெல்லிய சரிவில். வால் சோதனையை வாரம் ஒருமுறை செய்து எழுதி வையுங்கள். நடக்காத குதிரைக்குக் கொள்ளைப் பாதியாகக் குறையுங்கள். சும்மா நின்று தானியம் தின்றால் அடுத்து வயிற்றுவலியோ குளம்பு வீக்கமோ வரும்.

கட்டுகிற இடத்தை மாற்றுங்கள். மாட்டுக் கொட்டகையிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. இந்தப் புழு உங்கள் கொட்டகையில் பிடித்ததாக இருக்காது, அந்த அளவு வளர வாரக்கணக்கில் ஆகியிருக்கும். ஆனால் அடுத்தது அங்கே பிடிக்கலாம். தொட்டித் தண்ணீர் தேங்க விடாதீர்கள், அந்தி நேரத்துக்கு வலை கட்டுங்கள். வேப்பிலைப் புகை போட்டால் காற்றோட்டம் இருக்கட்டும், மூடிய லாயத்தில் புகை குதிரை நுரையீரலுக்கு ஆகாது.

தாளவாடி:
இந்த இழையை இப்போதுதான் படித்தேன். எங்கள் குதிரைக்கும் நேற்றிலிருந்து ஒரு கண் கலங்குகிறது, வீட்டில் தேங்காய் எண்ணெய் விடச் சொல்கிறார்கள். போட்டோ போட்டால் பார்த்துச் சொல்வீர்களா ஐயா?

பழைய வேப்பேரி:
போட்டோவில் புழு தெரியாது, புண்ணும் தெரியாது. எண்ணெய் வேண்டாம். ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள், காலையில் மருந்தகம் திறந்ததும் சாயப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். போகிற வழியில் கண்ணில் வெயில் படாமல் ஒரு துணியைக் கடிவாளத்தில் தொங்கவிடுங்கள்.